தடிமனுக்குள் ஒரு கோடு

முதுகலை முதலாண்டில் எங்கள் சார் ஒரு நாள் வகுப்புக்கு ஒரு தடித்த லாங் சைஸ் நோட்டையும், ஒரு சாண் நீள ரப்பர்ப் பட்டையையும் கொண்டு வந்தார். நோட்டின் மேல் விளிம்பில், தாள்களுக்குக் குறுக்காக, அரை அங்குலத்துக்கு ஒன்றாகப் பேனாவால் கோடு இழுத்திருந்தார். ரப்பர்ப் பட்டையின் பக்கவாட்டிலும் அதே மாதிரி கோடுகள். முதலில் ரப்பரை வில் போல வளைத்தார். கோடுகள் விசிறிக் குச்சிகளாக விரிந்தன. ஒவ்வொரு கோடும் ரப்பரின் மேற்பரப்புக்குச் செங்குத்தாகவே இருந்தது. அப்புறம் நோட்டின் முதுகை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு முனையை வளைத்தார். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வழுக்கிச் சரிந்தன. கோடுகள் மட்டும் முதுகுக்கு இணையாக, பழைய திசையிலேயே நின்றன. தாளுக்கும் கோட்டுக்கும் நடுவே இருந்த செங்கோணம் போய்விட்டது.

"இந்தச் செங்கோணம் போச்சு பாருங்க, அதுக்குப் பேர்தான் ஷியர்" என்றார்.

பள்ளிப் புத்தகத்தில் அதற்குச் சறுக்குப் பெயர்ச்சி என்று பெயர். அலுவலகத்திலும் சைட்டிலும் எல்லோரும் ஷியர் என்றே சொல்கிறோம், நானும் அப்படியே சொல்கிறேன். கட்டட வடிவமைப்பில் இத்தனை வருஷம் கழித்தும், தகட்டுக் கோட்பாடு என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு முதலில் அந்த நோட்டுதான் நினைவுக்கு வரும். இருநூறு ஆண்டுகளாகப் பெரிய பெரிய கணித மேதைகள் கேட்டுக்கொண்டிருந்ததெல்லாம் ஒரே கேள்வி: தகடு வளையும்போது அதன் தடிமனுக்குள் இருக்கும் அந்தச் சின்னக் கோடு என்ன ஆகிறது?

அந்தக் கேள்வி ஏன் வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். மாடித் தளம், அடித்தளத்து ராஃப்ட், கப்பலின் அடித்தகடு, விமான இறக்கையின் மேல்தோல் எல்லாமே தகடுகள். நீள அகலம் பெரிது, தடிமன் சிறிது. முழு முப்பரிமாணத்தில் கணக்குப் போட்டால் பெரும்பாலும் கைக்கு அடங்காது. அதனால் தகட்டின் நடுப்பரப்பை மட்டும் வைத்துக்கொண்டு, அது எவ்வளவு தொய்கிறது என்று கணக்கிடுகிறோம். தடிமனுக்குள் நடப்பதைச் சமன்பாடு தானாகச் சொல்லாது. அதை நாம்தான் ஊகித்துக் கொடுக்க வேண்டும். எந்த ஊகத்தைக் கொடுக்கிறோமோ அதுதான் அந்தக் கோட்பாட்டின் உயிர்.

கதை பாரீஸில் தொடங்குகிறது. எர்ன்ஸ்ட் கிளாட்னி என்ற ஜெர்மானியர் உலோகத் தகட்டின் மேல் மணலைத் தூவி, ஓரத்தில் வயலின் வில்லால் இழுப்பார். தகடு பாடும். மணல் துள்ளி ஓடி, அதிராத கோடுகளில் போய் ஒதுங்கிக் கோலம் மாதிரி நிற்கும். 1809ல் நெப்போலியன் முன் இதைச் செய்து காட்டினார். இந்தக் கோலத்துக்குக் கணிதக் காரணம் சொல்பவருக்குப் பரிசு என்று பிரெஞ்சு அறிவியல் கழகம் அறிவித்தது. 1811ல் கெடு முடிந்தபோது வந்திருந்தது ஒரே ஒரு கட்டுரை. எழுதியவர் சோஃபி ஜெர்மைன். பெண் என்பதால் எந்தக் கல்லூரியிலும் சேர முடியாமல், வீட்டிலேயே தானாகக் கணிதம் படித்தவர். அறிஞர்களுக்கு லெப்ளாங்க் என்று ஆண் பெயரில் கடிதம் எழுதிப் பழகியவர்.

அவருடைய முதல் கட்டுரையில் பிழை இருந்தது. நடுவர் குழுவில் இருந்த லக்ராஞ்ச் அதைப் பார்த்துச் சமன்பாட்டைச் சரி செய்தார். இன்றைக்கும் மெல்லிய தகட்டுக்கு நாம் எழுதும் நான்காம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு அதுதான். ஜெர்மைன் விடவில்லை. 1813ல் மறுபடி எழுதினார், பாராட்டு மட்டும் கிடைத்தது. மூன்றாம் முறை, 1816ல், பரிசு அவருக்கே வந்தது. அதை வாங்க அவர் விழாவுக்குப் போகவில்லை. பின்னாளில் ஈஃபில் கோபுரத்தைக் கட்டியபோது 72 அறிஞர்களின் பெயர்களை அதில் பொறித்தார்கள். லக்ராஞ்ச் பெயர் உண்டு, இதே துறையில் உழைத்த நேவியே, பாய்சான், கோஷி எல்லோருக்கும் இடம் உண்டு. ஜெர்மைனுக்கு இடம் கிடைக்கவில்லை. இதைப் படித்த நாளில் எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

ஜெர்மைன் தொட்ட இடத்திலேயே ஒரு ஓட்டை மிச்சம் இருந்தது: ஓரங்கள். தகட்டின் ஒரு ஓரம் எதிலும் தாங்காமல் சும்மா நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வளைக்கும் மொமென்ட் (விசையின் திருப்புத்திறன்) பூஜ்யம், முறுக்கும் மொமென்ட் பூஜ்யம், ஷியர் விசையும் பூஜ்யம். மூன்று நிபந்தனைகள். பாய்சான் மூன்றையும் எழுதினார். ஆனால் நான்காம் வரிசைச் சமன்பாடு ஓர் ஓரத்துக்கு இரண்டு நிபந்தனைகளைத்தான் ஏற்கும். மூன்றாவதை எங்கே வைப்பது?

1850ல் கிர்காஃப் வழி சொன்னார். மின்சுற்று விதிகளுக்காகப் பள்ளியில் நமக்கு அறிமுகமான அதே கிர்காஃப்தான். அவர் அந்தக் கோட்டைப் பற்றித் தெளிவாக ஒரு ஊகம் வைத்தார். நடுப்பரப்புக்குச் செங்குத்தான நேர்க்கோடு, வளைந்த பின்னும் நேராகவே இருக்கும், செங்குத்தாகவே இருக்கும், நீளமும் மாறாது. அதாவது சாரின் ரப்பர்ப் பட்டை. இந்த ஊகத்திலிருந்து ஆற்றல் வழியாகக் கணக்கைக் கொண்டுபோனால், ஓரத்தில் முறுக்கு மொமென்டும் ஷியரும் தனித்தனியாக நிற்காமல் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. மூன்று நிபந்தனை இரண்டாகிவிடும். கெல்வினும் டெய்ட்டும் 1867ல் இதற்குப் பௌதிக விளக்கம் கொடுத்தார்கள்.

அப்படிச் சேர்க்கும்போது மூலைகளில் ஒரு மீதி தங்குகிறது. நான்கு பக்கமும் சுவரின் மேல் சும்மா வைத்த சதுரத் தகட்டின் மேல் சீரான பாரம் வைத்தால், ஒவ்வொரு மூலையிலும் மொத்தப் பாரத்தில் 6.5 சதவீத அளவுக்கு ஒரு விசை கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. நான்கு மூலைக்கும் சேர்த்து 26 சதவீதம். அந்த அளவுக்கு ஓரச் சுவர்கள் கூடுதலாக, 126 சதவீதம் தாங்குகின்றன. முதலில் படித்தபோது இது வெறும் காகிதக் கணக்கு என்றுதான் நினைத்தேன்.

சைட்டில் ஒரு நாள் கம்பி கட்டும் அண்ணன் ஒருவர் என்னிடம், "லோடு நடுவுலதானே சார் விழுது, மூலையில எதுக்கு மேலயும் கீழயும் ஜாலி மாதிரி கம்பி கேக்குறீங்க?" என்று கேட்டார். கான்கிரீட்டுக்கான நம்முடைய இந்திய விதித்தொகுப்பு ஐஎஸ் 456 அதைக் கேட்கிறது. தளம் தூக்காதபடி பிடித்து வைக்கப்பட்டு, இரண்டு ஓரமும் தொடர்ச்சியில்லாமல் முடிகிற மூலையில், குறுகிய பக்க நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு தூரத்துக்கு, மேலே இரண்டு அடுக்கு, கீழே இரண்டு அடுக்கு. ஒவ்வொரு அடுக்கிலும் நடுவில் தேவைப்படும் கம்பியில் முக்கால் பங்கு. விதியைச் சொன்னால் அவருக்குப் பதில் ஆகாது. பக்கத்தில் கிடந்த கேபிள் பெட்டியின் திறந்த வாய் மேல் ஒரு அட்டையை வைத்து, "அண்ணே, நடுவுல விரலை வெச்சு அமுக்குங்க" என்றேன். அமுக்கினார். அட்டையின் நடு இறங்கியது, நான்கு மூலையும் பெட்டியை விட்டு மேலே எழுந்தது. இன்னும் இரண்டு மூன்று தடவை அமுக்கிப் பார்த்தார். அப்புறம் அந்த மூலைக் கம்பிகளை அவரே நின்று சரி பார்த்துக் கட்ட வைத்தார். 1850ல் ஒரு மீதியாக வந்த விசை, மூலையில் முளைக்கும் விரிசலாக நம் வீட்டு மாடியிலேயே வந்து நிற்கக்கூடியது.

கிர்காஃபின் ஊகம் எதுவரை செல்லும்? மெல்லிய தகட்டுக்கு அது அருமையான ஊகம். 4 மீட்டர் சதுர அறைக்கு 125 மில்லிமீட்டர் தளம் என்றால், ஷியரால் கூடும் தொய்வு அரை சதவீதம்தான். யாரும் அதற்காகத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். தடிமன் கூடினால் கதை மாறும். பக்க நீளத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமன் என்றால் கூடுதல் தொய்வு 5 சதவீதம். ஐந்தில் ஒரு பங்கு என்றால் 20 சதவீதத்தைத் தாண்டிவிடும். அங்கே அந்தக் கோடு செங்குத்தாக நிற்கவில்லை, நோட்டில் பார்த்த மாதிரி சாயத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

1944, 45ல் எம்ஐடியில் இருந்த எரிக் ரெய்ஸ்னர் ஷியரை உள்ளே கொண்டுவந்தார். 1951ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ரேமண்ட் மிண்ட்லின் அதிர்வுக்காக அதே இடத்துக்கு வேறு பாதையில் வந்தார். மிண்ட்லினுக்குக் குவார்ட்ஸ் படிகத் தகடுகளின் அதிர்வில் ஈடுபாடு அதிகம். அங்கே கோடு சாய்வதை ஒதுக்கிவிட்டால் அலைவெண் தவறிப்போகும். மிண்ட்லினின் ஊகம் எளிது: கோடு நேராகவே இருக்கட்டும், செங்குத்தாக இருக்க வேண்டியதில்லை. அந்த ஒரு தளர்வால் சமன்பாடு ஆறாம் வரிசைக்கு ஏறியது. ஓர் ஓரத்துக்கு மூன்று நிபந்தனை. பாய்சான் கேட்ட அதே மூன்று! ஏறக்குறைய நூறு ஆண்டு ஒதுக்கி வைத்த மூன்றாவது நிபந்தனைக்கு ரெய்ஸ்னர் இடம் கொடுத்துவிட்டார். தகட்டுக் கோட்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இதுதான்.

ஆனால் நேர்க்கோட்டுக்கு ஒரு விலை உண்டு. கோடு நேராகச் சாய்ந்தால், ஷியர் தகைவு தடிமன் முழுக்க ஒரே அளவாக இருக்கும். உண்மையில் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் அது பூஜ்யம், நடுவில் உச்சம், சராசரியைப் போல ஒன்றரை மடங்கு. இந்த வித்தியாசத்தை ஈடுகட்ட ஒரு திருத்தக் காரணி வைக்க வேண்டியிருக்கிறது. ரெய்ஸ்னர் வழியில் அது 5/6, மிண்ட்லின் அதிர்வை வைத்துக் கண்டது பையின் வர்க்கத்தை 12ஆல் வகுத்தது, அதாவது 0.822. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் எண்கள்தான். என்றாலும் வெளியிலிருந்து ஒட்டுப் போடுவது மாதிரி ஓர் உறுத்தல் எனக்கு எப்போதும் உண்டு.

மிண்ட்லினிடம் நானே நேரடியாக அடி வாங்கியிருக்கிறேன். தகட்டைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக் கணினியில் கணக்கிடுவோம், அந்தக் கட்டத்துக்கு எலிமென்ட் என்று பெயர். ப்ராஜெக்ட்டுக்காக நான்கு முனை எலிமென்ட் ஒன்றை நானே நிரலாக எழுதினேன். தடித்த தகட்டுக்கு விடை அழகாக வந்தது. சரி, மெல்லிய தகட்டையும் பார்ப்போம் என்று தடிமனைப் பக்க நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தேன். தகடு கல்லாகிவிட்டது. வர வேண்டிய தொய்வில் நூறில் ஒரு பங்குகூட வரவில்லை. மூன்று வாரம் வரி வரியாகப் பிழை தேடினேன். பாரத்தை மாற்றினேன், அலகுகளைச் சரி பார்த்தேன், இரவு கனவிலும் அணிகள் வந்தன. கடைசியில் சாரிடம் போய் நின்றேன். திரையைக்கூட அவர் பார்க்கவில்லை. எலிமென்டுக்குள் கணக்கெடுக்கும் புள்ளிகளான காஸ் பாயின்டுகளைப் பற்றி மட்டும் கேட்டார். "ஷியருக்கு எத்தனை காஸ் பாயின்ட் போட்டிருக்கே?" "ரெண்டுக்கு ரெண்டு சார்." "ஒண்ணு போட்டுப் பாரு." ஓர் எண்ணை மாற்றினேன். 0.00406 என்ற அந்தப் பழைய எண், சதுரத் தகட்டுக்கு எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கும் அந்தக் குணகம், ஏறக்குறைய அப்படியே வந்து நின்றது.

இதற்கு ஷியர் லாக்கிங் என்று பெயர். நான்கு முனை எலிமென்டில் தொய்வு நேர்கோட்டில் மாறும், அதன் சரிவு மாறாது. கோட்டின் சுழற்சியோ ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மாறிக்கொண்டே போகும். இரண்டும் ஒத்துப் போகும் இடம் எலிமென்டின் நடு மட்டும். மற்ற இடங்களில் இல்லாத ஷியரை எலிமென்ட் இருப்பதாகக் காட்டும். வளையும் விறைப்பு தடிமனின் மும்மடியைப் பொறுத்தது, ஷியர் விறைப்பு தடிமனை மட்டும் பொறுத்தது. அதனால் தகடு மெலிய மெலிய அந்தப் பொய் ஷியர் மற்றதையெல்லாம் அமுக்கிவிடுகிறது. நடுவில் ஒரே புள்ளியில் கணக்கெடுத்தால் பொய் தெரியாது. 1970களில் ஜீன்கீவிச், ஹியூஸ் போன்றவர்கள் இதைத் திறந்தார்கள். ஒற்றைப் புள்ளி முறைக்கும் சில ஓரங்களில் சிக்கல் உண்டு என்பதால் 1985ல் பாத்தேயும் துவோர்க்கினும் ஷியரைத் தனியே இடைக்கணித்து இன்னும் உறுதியான வழி தந்தார்கள். இன்றைய மென்பொருளில் நாம் ஒரு பொத்தானில் தேர்ந்தெடுக்கும் 'திக்' (தடித்த) தகட்டுக்கு உள்ளே இத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது.

அடுத்த தளர்வு, கோடு நேராக இருக்க வேண்டும் என்பதையும் விடுவது. அதற்குக் கட்டாயம் கான்கிரீட்டிலிருந்து வரவில்லை, விமானத்திலிருந்து வந்தது. எஃகில் ஷியர் குணகம், அதாவது சறுக்கலை எதிர்க்கும் விறைப்பு, இழுப்பை எதிர்க்கும் யங் குணகத்தில் 2.6ல் ஒரு பங்கு. கார்பன் இழை அடுக்குகளை ஒட்டிச் செய்த லேமினேட்டில் இழைத் திசையில் இருக்கும் விறைப்போடு ஒப்பிட்டால், ஆய்வுக் கட்டுரைகளில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் பொருளுக்கு ஷியர் குணகம் 50ல் ஒரு பங்குதான். இழுத்தால் இரும்பு, சறுக்கவிட்டால் அந்த நோட்டு. அமெரிக்க விமானப்படையின் பொருள் ஆய்வகத்தில் இருந்த பகானோ, 1969, 70ல் இப்படிப்பட்ட அடுக்குத் தகடுகளுக்கு முப்பரிமாணத் துல்லியத் தீர்வுகளைத் தந்தார். அதே 1970ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஸ்ரீனிவாஸ், ஜோகா ராவ், ஏ. கே. ராவ் மூவரும் தடித்த தகடுகளின் அதிர்வுக்குத் துல்லியத் தீர்வு கண்டார்கள். உலகில் எங்கே புதுக் கோட்பாடு எழுதினாலும், சரிதானா என்று உரசிப் பார்க்கும் கல் இந்தத் தீர்வுகள்.

உரசிப் பார்த்தால் தெரிவது அதிர்ச்சி. நான்கு அடுக்குச் சதுர லேமினேட், நீளம் தடிமனைப் போல 4 மடங்கு. துல்லியத் தொய்வு, பரிமாணமற்ற எண்ணாக, 1.954. மெல்லிய தகட்டுக் கோட்பாடு கொடுப்பது 0.431. கால் பங்குகூட இல்லை! நேர்க்கோட்டைச் சாய விட்டால் 1.710. தெலங்கானாவில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியரான ஜே. என். ரெட்டி 1984ல் வெளியிட்ட மூன்றாம் வரிசைக் கோட்பாட்டில் 1.894. நீளம் 10 மடங்கானால் துல்லியத் தொய்வு 0.743, மெல்லிய கோட்பாடு அப்போதும் அதே 0.431தான் சொல்கிறது. 100 மடங்கு வரை போனால்தான் எல்லோரும் ஒரே இடத்தில் கூடுகிறார்கள்.

ரெட்டியின் யோசனையில் கோடு ஆங்கில 'S' போல நெளிகிறது. நேர்கோட்டோடு தடிமனின் மும்மடிக்கு ஏற்ற ஒரு வளைவைச் சேர்த்து, மேலும் கீழும் ஷியர் தானாகப் பூஜ்யமாகும்படி அதைக் கட்டிப்போட்டார். லெவின்சனும் 1980ல் அதே வடிவத்தை எடுத்திருந்தார். அதனால் திருத்தக் காரணி தேவையே இல்லை. என் உறுத்தல் தீர்ந்த இடம் அது. ஐஐடி பம்பாயின் ஷிம்பி 2002ல் வெளியிட்ட 'ரிஃபைன்ட்' (செம்மைப்படுத்திய) தகட்டுக் கோட்பாட்டில் தொய்வை இரண்டாகப் பிரித்தார்: வளைவால் வருவது ஒன்று, ஷியரால் வருவது ஒன்று. கண்டுபிடிக்க வேண்டிய தெரியாதவை இரண்டுதான். தகடு மெலிந்தால் ஷியர்ப் பங்கு தானாகவே உதிர்ந்து கிர்காஃபிடம் போய்ச் சேரும், லாக்கிங்குக்கு வேலையில்லை. 'ரிஃபைன்ட்' என்ற பெயருக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இவற்றுக்கெல்லாம் எலிமென்ட் எழுதும்போது சரிவும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்ற கெடுபிடி உண்டு. மிண்ட்லினுக்கு அது இல்லை, அதனால்தான் மென்பொருள்களில் இன்னும் அவர் ஆட்சி.

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண், ஒரு கிடங்குக் கூரைக்கான பஃப் பேனல் கணக்கைக் கொண்டு வந்தாள். மேலும் கீழும் அரை மில்லிமீட்டர் தகரம், நடுவில் 50 மில்லிமீட்டர் நுரை. மென்பொருளில் 'தின்' (மெல்லிய தகடு) என்பதைத் தேர்ந்திருந்தாள். "சார், 50 மில்லிமீட்டர்தானே, மெல்லிசுதானே?" என்றாள். நியாயமான கேள்வி. அவள் பார்த்தது தடிமனை. ஷியரில் அந்த நுரை எவ்வளவு இளகியது என்பது அந்த எண்ணில் தெரியாது.

ஸ்டோரில் கிடந்த பேனலிலிருந்து 100 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டையை அறுத்து வாங்கினோம். 1 மீட்டர் இடைவெளியில் இரண்டு செங்கல்லின் மேல் வைத்து, நடுவில் மரத்துண்டு, அதன் மேல் ஒரு மூட்டை சிமென்ட். ஏற்றுவதற்கு முன் நுரையின் பக்கவாட்டில், செங்கல்லுக்கும் நடுவுக்கும் பாதி வழியில், மூலைமட்டம் வைத்து ஒரு கோடு போடச் சொன்னேன். கிர்காஃபின்படி நடுவில் 1 மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தொய்ய வேண்டும். நுரையின் ஷியரையும் சேர்த்தால் அதைப் போலப் பத்து மடங்கு. மூட்டையை ஏற்றினோம். ஸ்கேலில் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர்.

அவள் குனிந்து மூலைமட்டத்தைத் தகரத்தோடு ஒட்டி வைத்து, கோட்டின் மேல் முனைக்கும் மட்டத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தாள். பேனா முனை அளவு, முக்கால் மில்லிமீட்டர் இருக்கும். தகரத்துக்குள் அந்தக் கோடு எப்படி நிற்கிறது என்று கேட்டாள். தகரம் ஷியரில் நுரையைவிடப் பல ஆயிரம் மடங்கு விறைப்பு, அதற்குள் கோடு செங்குத்தாகவே நிற்கும், நுரைக்குள் நுழைந்ததும் மடங்கிச் சாயும், மறுபடி தகரத்தில் நிமிரும் என்றேன். ரெட்டியின் வழவழப்பான வளைவுகூட அந்த மடிப்பைப் பிடிக்காது. அடுக்குக்கு அடுக்கு ஒடியும் கோட்டை எடுத்துக்கொள்ளும் ஜிக்ஜாக் கோட்பாடுகள் வந்தது அதற்காகத்தான். நோட்டில் அந்தக் கோட்டை வரைந்தாள்: நேர், சாய்வு, நேர்.

இருவருமாகச் சேர்ந்து மூட்டையை இறக்கினோம். நுரையில் இருந்த கோடு மூலைமட்டத்தோடு போய் ஒட்டிக்கொண்டது.